நல்ல தாங்கியில் வைரஸ்

சாஹுல் ஹமீது ஹாஜியார் யுத்தம் முடிந்த கையோடு கற்பிட்டியில் கண்டக்குழிக்குத் தெற்கே ஓர் இறால் குஞ்சுப் பண்ணை தொடங்கினார். நான்காம் வருடம் மாசி மாதத்தில் அங்கே தண்ணீர்த் தாங்கிகளில் வளர்த்த குஞ்சுகள் சாகத் தொடங்கின.

ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பாக இருந்தவள் மாக்கிறட். சிறுமியாக மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, கற்பிட்டியில் வளர்ந்து, பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் படித்தவள். அவள் தாங்கி அறையின் ஜன்னல்களைச் சாக்கால் மறைத்து, கதவைச் சாத்திவிட்டு இருட்டில் பார்த்தாள். இரண்டு தாங்கிகளில் தண்ணீர் நீலப் பச்சையாக மின்னியது. செத்த குஞ்சுகளும் அடியில் ஒளிர்ந்துகொண்டு கிடந்தன.

"ஒளி விடுற பக்டீரியா," என்றாள். "விப்ரியோ."

"மருந்து போட்டாச்சே, மிஸ்," என்றார் றஊப். அவர் ஹாஜியாரின் மச்சான், தாங்கிகளைப் பார்த்துக்கொள்பவர். மாக்கிறட் அவரை அண்ணன் முறையில் நானா என்பாள்.

"அந்த மருந்துக்கு அது பழகிப்போச்சு, நானா. இன்னும் கூட்டிப் போட்டால் குஞ்சில மருந்து தங்கிடும், வாங்குற ஆக்கள் வேண்டாம் எண்டு போயிடுவினம்."

எல்லாத் தாங்கிகளையும் வெறுமையாக்கி, குளோரின் போட்டுக் கழுவி, புதிதாகத் தொடங்கலாம் என்றார் ஹாஜியார். அப்படிச் செய்தால் அந்தப் போகம் கைவிட்டுப் போய்விடும். சிலாபம் வரை பண்ணைக்காரர்கள் குஞ்சுக்குக் காத்திருந்தார்கள்.

"எனக்கு ஒரு கிழமை தாங்கோ, ஹாஜியார்," என்றாள் மாக்கிறட். "இந்தப் பக்டீரியாவை அழிக்கிற வைரஸ் களப்புத் தண்ணியிலயே இருக்கும். நான் அதைப் பிடிச்சுத் தாறன்."

வைரஸ் என்றதும் றஊபின் முகம் மாறிவிட்டது. முன்பு வெள்ளைப் புள்ளி நோய் வந்தபோது கடலேரியான இந்தக் களப்பின் ஓரத்துப் பண்ணைகள் வரிசையாக அழிந்தன. அதுவும் ஒரு வைரஸ்தான். தன் குளத்து இறால் முழுவதையும் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தவர் அவர்.

"வைரஸ நாங்களே தாங்கிக்குள்ள ஊத்துறதா, மிஸ்?"

"ஓம். வெள்ளைப் புள்ளி வைரஸுக்கு இறால் வேணும். இதுக்கு இந்தப் பக்டீரியா மட்டும்தான் வேணும், இறாலைத் தொடாது. கடல் தண்ணியில இது எண்ணேலாத அளவு இருக்கு. பக்டீரியா அங்க கண்டபடி பெருகாமல் இருக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம். நாங்கள் தண்ணியை வடிச்சு, குளோரின் போட்டு, இதையும் சேர்த்து அழிச்சுப்போட்டம். பிறகு பக்டீரியா மட்டும் உள்ள வந்திட்டுது. தடுக்க ஒண்டும் இல்லை."

ஹாஜியார், "செஞ்சு பாருங்க," என்றார்.

பண்ணையின் கழிவுநீர் களப்பில் விழும் வாய்க்காலிலிருந்து அவள் தண்ணீர் எடுத்துவந்தாள். பக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியில் அதை வடித்தாள். வைரஸ் மட்டும் அதைக் கடந்து வரும். வடித்த நீரைத் தாங்கியில் எடுத்த பக்டீரியாவோடு கலந்து கண்ணாடித் தட்டுகளில் ஊற்றி வைத்தாள். மறுநாள் தட்டுகளில் பக்டீரியா வெளிறிய ஆடைபோலப் படர்ந்திருந்தது. அதில் ஆங்காங்கே வட்ட வட்டமாக ஓட்டைகள். மங்கலான வட்டங்களை அவள் விட்டுவிட்டாள். அவற்றிலுள்ள வைரஸ் பக்டீரியாவைக் கொல்லாமல் அதற்குள்ளேயே ஒளிந்திருக்கக் கூடும். பளிச்சென்று தெளிந்திருந்த வட்டங்களிலிருந்து மட்டும் எடுத்துப் பெருக்கினாள்.

"சாகிற தாங்கியில ஊத்துங்க," என்றார் றஊப். "அது எப்பிடியும் போறதுதானே."

"இல்லை, நானா. அங்க குஞ்சு செத்தால் வைரஸ்தான் சாகடிச்சது எண்டு சொல்லுவீங்கள். முதல்ல நல்ல தாங்கியில ஊத்துவம்."

றஊப் ஹாஜியாரைப் பார்த்தார். ஹாஜியார் தலையாட்டினார்.

அன்று முழுவதும் றஊப் அந்தத் தாங்கியை விட்டு நகரவில்லை. சாப்பாட்டைக்கூட அங்கேயே கொண்டுவரச் சொன்னார். அடுத்த நாளும் குஞ்சுகள் துள்ளிக்கொண்டுதான் இருந்தன. அதன் பிறகு, ஒளிர்ந்த இரண்டு தாங்கிகளில் ஒன்றில் வைரஸை ஊற்றி, மற்றதை ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே விட்டார்கள். விட்ட தாங்கியில் எல்லாக் குஞ்சுகளும் செத்தன. ஊற்றிய தாங்கியில் ஒளி மங்கி, பிறகு இல்லாமல் போனது. நிறையக் குஞ்சுகள் செத்திருந்தாலும் பாதிக்கு மேல் பிழைத்துவிட்டன. மாக்கிறட் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்தாள். வெகு நாளைக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது.

ஆனால் சில நாளில் அந்தத் தாங்கி மறுபடி மின்னியது.

"இதுக்கும் பழகிட்டா, மிஸ்?"

"ஓம், தப்பின பக்டீரியா பெருகியிருக்கு. நான் எதிர்பார்த்ததுதான். புது மருந்து கண்டுபிடிக்க வருசக்கணக்கில போகும். புது வைரஸ் வெளியில தண்ணியில இருக்கு. வாங்கோ, போய் எடுப்பம்."

றஊப் தானே படகை எடுத்தார். உச்சமுனைப் பக்கம் வரை போய், இடத்துக்கிடம் போத்தல்களை நிரப்பினார்கள். தப்பிய பக்டீரியாவையும் அழிக்கக்கூடிய இரண்டு வைரஸ்கள் கிடைத்தன. பழையதோடு அவற்றையும் கலந்து ஊற்றினாள். ஒன்றுக்குத் தப்பியது மற்றதற்கு அகப்பட்டது. அந்தப் போகம் முடியும்வரை பிறகு எந்தத் தாங்கியும் ஒளிரவில்லை. ஒட்சிசன் அடைத்த பைகளில் குஞ்சுகள் லொறி ஏறின.

அடுத்த வாரம் சிலாபத்திலிருந்து வேறொரு குஞ்சுப் பண்ணைக்காரர் அழைத்தார். அங்கேயும் தாங்கிகள் மின்னத் தொடங்கியிருந்தன.

"எங்கட போத்தல் ஒண்ட அனுப்பி வைக்கிறன்," என்று றஊப் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாக்கிறட் கை நீட்டித் தொலைபேசியை வாங்கினாள். "எங்கடது உங்கட பக்டீரியாவுக்குப் பொருந்தாமலும் போகலாம்," என்றாள். "தாங்கித் தண்ணியைக் கொட்டிப்போடாமல் வையுங்கோ. உங்கட வாய்க்கால் எந்தப் பக்கம் விழுது எண்டு சொல்லுங்கோ. நாளைக்கு நான் வாறன்."

பிறகு வெறும் போத்தல்களைக் கழுவி, வெயிலில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தாள்.