கீழே ஓடும் எழுத்து

லேத்துப் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் இரும்பு கடைந்ததில் அவருக்கு மிச்சமானது ஒரு மோட்டார் சைக்கிளும் மந்தமான இரண்டு காதுகளும். வண்டியை ஊருக்கே காட்டினார். காது விஷயம் மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

ஞாயிறு காலையானால் மூன்று பேர் கிளம்புவார்கள்: அவர், வக்கீல், மருந்துக்கடைக்காரர். நெடுஞ்சாலையோரத்து டீக்கடையில் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்து உட்கார்ந்தால், ஒன்று அடுத்த பயணத்தைப் பற்றிப் பேச்சு ஓடும். இல்லாவிட்டால் முந்தின நாள் வக்கீல் வீட்டு மாடியில் பார்த்த வெளிநாட்டுப் படத்தைப் பற்றி. படம் தேர்ந்தெடுப்பது எப்போதும் லேத்துக்காரர்தான்.

"எங்கிருந்துய்யா பிடிக்கிற இதையெல்லாம்?" என்று மருந்துக்கடைக்காரர் அலுத்துக்கொள்வார். "கீழே எழுத்தைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள மேலே ஆளே செத்துப்போயிடறான்."

"டாக்டர் சீட்டையும் இப்படித்தான் படிக்கிறியா?" என்பார் வக்கீல்.

மூவரும் சிரிப்பார்கள். தெரிந்த மொழிப் படம் என்றால் பாதி வசனம் லேத்துக்காரருக்குக் காதில் பிடிபடாது. அந்நிய மொழியில் மூன்று பேருக்கும் எழுத்துதான் கதி. இதை அவர் எப்படிச் சொல்வார்?

மலைப்பாதையில் பன்னிரண்டு நாள் பயணம் என்று முடிவானபோது, எங்கே தங்குவது, எங்கே பெட்ரோல் என்று இரண்டு மாதம் உட்கார்ந்து வழி முழுக்க அவர்தான் போட்டார். கிளம்ப நான்கு நாள் இருக்கையில் வக்கீல் செய்தி அனுப்பினார்: "கேஸ் ஒண்ணு மாட்டிக்கிச்சு. பயணத்தைத் தள்ளிப் போட்டிருக்கோம்."

நம்பினார். அடுத்த வாரம் மனைவிக்கு மாத்திரை வாங்கப் போனபோது, கல்லாவில் மருந்துக்கடைக்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தார்.

"நீங்க போகலையாண்ணே? அவங்க ரெண்டு பேரும் காலையிலேயே கிளம்பிட்டாங்களே!"

முதல் தடவையே புரிந்துவிட்டது. இருந்தும் "என்னம்மா?" என்று இன்னொரு தடவை சொல்லவைத்தார்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னார். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"நீதான் சொன்னியா?"

"வக்கீல் அண்ணன் கேட்டார், 'பின்னாடி எவ்வளவு ஹார்ன் அடிச்சாலும் ஒதுங்க மாட்டேங்கறானே, காது எப்படி இருக்கு'ன்னு. எனக்குப் பொய் சொல்ல வாய் வரலைங்க."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே அவன்?"

"கேட்டா ஒத்துக்குவீங்களா?"

மறுநாள் காலை தனியாகக் கிளம்பினார். எப்படியும் அவர்களைப் பிடித்துவிடுவது என்று வைராக்கியம். பத்து மணிக்கு ஒரு கடைவீதியில் நடுச்சாலையில் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தவரை, போக்குவரத்துக் காவலர் ஓடிவந்து ஹேண்டில்பாரைப் பிடித்து ஓரமாக இழுத்தார். பக்கத்தை உரசிக்கொண்டு ஆம்புலன்ஸ் ஒன்று போனது. எவ்வளவு நேரமாகப் பின்னால் வந்ததோ! முன்சீட்டில் இருந்த பெண் கண்ணீரோடு அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

காவலர் முகத்துக்கு நேராகக் கத்தினார். "செவிடாய்யா நீ?"

"ஆமாங்க" என்றார். வெளியாள் ஒருவரிடம் அதைச் சொல்வது அதுதான் முதல் தடவை.

மதியத்துக்குள் வீடு திரும்பி, வண்டி மக்கர் பண்ணுகிறது என்றார். மனைவி சாப்பாடு எடுத்துவைத்தாள். நண்பர்கள் செய்தது சரிதான் என்று இப்போது அவருக்கே தெரியும். மன்னிக்க முடியாமல் போனதும் அதனால்தான்.

பயணம் முடிந்த மறுநாள் இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். மனைவி கதவைத் திறந்தவள் உள்ளே வந்து, அவர் பார்க்கும்படி நின்று, "வந்திருக்காங்க" என்றாள்.

"நான் வீட்டுல இல்லைன்னு சொல்லு" என்றார். மெதுவாகத்தான் சொன்னதாக நினைத்தார். மனைவியின் முகம் வெளிறியதைப் பார்த்தபோதுதான் வாசல்வரை கேட்டிருக்கிறது என்று தெரிந்தது. எழுந்து போய் ஜன்னலில் பார்த்தார். இருவரும் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.