சங்கிலி அறுந்துவிடக் கூடாது

எங்கள் சபையில் பக்தி தூங்கிவிட்டது, எழுப்புதல் வேண்டும் என்று பாஸ்டர் முடிவு செய்தார். உடனே குழு அமைத்தோம். ஒன்பது கூட்டம் போட்டதில் ஆறு, பேனரின் நிறத்துக்கே சரியாகப் போயிற்று. செயலாளர் நான். சபையில் யார் யார் ஆவிக்குரிய தூக்கத்தில் இருக்கிறார்கள் என்று விரல் விட்டு எண்ணிச் சொல்லக்கூடியவன்; என்னை மட்டும் எண்ண மறந்துவிடுவேன்.

கடைசியில் சனிக்கிழமை சங்கிலி ஜெபம் என்று தீர்மானமாயிற்று. காலை ஆறு முதல் மாலை ஆறு வரை, ஆளுக்கு அரை மணி நேரம். அடுத்தவர் வந்து தோளைத் தொட்டால்தான் முன்னவர் எழலாம். சங்கிலி அறுந்தால் எழுப்புதல் வராதாம். விதியை எழுதியவனும் நான்தான்.

அட்டவணையில் அக்காவைக் காலை ஆறு மணிக்குப் போட்டேன். எனக்கு மாலை நான்கு. ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்க வேண்டாமே. அவள் மகள் கல்யாணத்தில் குடும்பப் படம் எடுத்தபோது என்னைக் கூப்பிடவில்லை; ஐந்து வருடமாகப் பேச்சு இல்லை. வரும் திங்கட்கிழமை அவள் மகளோடு இருக்க ஒரேயடியாக வெளிநாடு போகிறாள். பாஸ்டர்தான் சொன்னார். "நல்லது" என்றேன். அதன்பின் இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஜெப அறை என்பது உடைந்த நாற்காலிகளும் கிழிந்த டிரம்மும் போட்டுவைக்கும் அறை. நான்கு மணிக்குப் போனபோது உள்ளே யாரும் இல்லை. மூன்றரை மணிக்கார வக்கீல் நான் வருமுன்பே நழுவிவிட்டார். ஆனால் முழங்காலிடும் மெத்தை சூடாக இருந்தது. பரவாயில்லை, மனுஷன் வந்தாவது இருக்கிறார் என்று மெச்சிக்கொண்டேன்.

நாலரைக்குப் பல் டாக்டர் வரவில்லை. முதல் ஆளாகக் கை தூக்கியவர். ஐந்துக்குத் தையல்காரரும் வரவில்லை. எழுந்து போகலாமென்றால் நான் எழுதிய விதி இடித்தது. உலகத் தலைவர்களுக்காக ஜெபித்தேன், பாடகர் குழுவின் சுருதிக்காகவும் ஜெபித்தேன். ஒரு பெயர் மட்டும் வாய்வரை வந்து வந்து திரும்பியது. ஐந்தரைக்கு வரவேண்டிய பாஸ்டருக்கு வெற்றி விழா பேனர் வேலை.

தோளில் ஒரு கை பட்டது. அக்கா.

"எழுந்திருடா, மீதியை நான் பார்த்துக்கறேன்."

"உன் நேரம் காலைல இல்ல?"

"காலைலேருந்து இங்கதான் இருக்கேன். எனக்கப்புறம் வந்தது நாலே பேரு. மீதி நேரமெல்லாம் நான்தான். நீ வர்ற சத்தம் கேட்டுப் பின்பக்கமாப் போயிட்டேன். என்னைப் பார்க்கப் பிடிக்குமோ என்னவோ."

வக்கீலுக்குக் கொடுத்த பாராட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். எழப் பார்த்தால் இரண்டு காலும் மரத்துப் போயிருந்தன. அவள்தான் கையைப் பிடித்துத் தூக்கினாள். அந்தக் கையை விடாமல் கேட்டேன்.

"அன்னிக்கு போட்டோவுக்கு ஏன் என்னைக் கூப்பிடல?"

"எங்கடா போன? நீ வரட்டும்னு அரை மணி நேரம் எல்லாரையும் நிக்க வச்சேன். மாப்பிள்ளை வீட்ல மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாங்க."

யார் வந்து கூப்பிடுகிறார்கள் பார்ப்போம் என்று நான் அன்று கார் நிறுத்துமிடத்தில் முறைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"திங்கட்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்புற?"

"பத்து மணிக்கு. ஏன்?"

"பெட்டி தூக்க ஆள் வேணாமா?"

"உனக்குக் குழுக் கூட்டம் இருக்குமே" என்றாள். குத்தல் எங்கள் குடும்பச் சொத்து.

ஞாயிறு ஆராதனையில், இருபத்துநான்கு பேரும் தவறாமல் வந்து சங்கிலியைக் காத்ததாக பாஸ்டர் அறிவித்தார். பல் டாக்டர்தான் எல்லாரையும்விட பலமாகக் கை தட்டினார். திங்கட்கிழமை பத்து மணிக்கு வெற்றி விழாக் கூட்டம், செயலாளர் கட்டாயம் வரவேண்டும் என்றார் பாஸ்டர்.

வர முடியாது என்று எழுந்து சொன்னேன். என்ன வேலை என்று மைக்கிலேயே கேட்டார்.

"எங்க அக்கா ஊருக்குப் போறா" என்றேன்.

மூன்றாவது வரிசையில் அக்கா கைப்பையைத் திறந்து கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள்.