டவுன் லயம்

பதுளை பஸ் நிலையத்துக்குக் கீழேயுள்ள கடைத்தெருவில் வாகனங்கள் நுழைவதை நிறுத்தி, மனிதர்களை நடக்கவிட வேண்டும் என்பதுதான் திட்டம். கீழே கடை, மேலே வீடு. கடைகளில் வேலை செய்கிறவர்கள் மேலேயே குடியிருந்தால், இருட்டினதும் தெரு அடங்கிப்போகாது என்று விஜேந்திரன் மாநகர சபைக்கு எழுதிக் கொடுத்திருந்தான். நகரத் திட்டமிடல் படித்தவன், சபையில் வேலை. மனைவி ஜெயந்தினி இறந்து இன்னும் ஒரு வருடமாகவில்லை. பாவம், வேலையில் மூழ்கிக் கிடக்கிறான் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். அவன் எதிலும் மூழ்கவில்லை. கை கோடு போட்டது, அவ்வளவுதான்.

தெருவிலேயே நீளமான கட்டடம் ஸலீம் ஹாஜியாருடையது. கீழே புடவைக்கடை, மேல்மாடி காலி. அங்கே வீடு கட்ட அவர் சம்மதித்தால் மற்றவர்களும் பின்னால் வருவார்கள். அவர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். கடையில் வேலை செய்கிறவர்களே குடிவர முன்வந்தால் வீடு. இல்லாவிட்டால் மேலே சாமான் ஸ்டோர். ஸ்டோர் வந்தால் லொறி வரும். லொறி வந்தால் நடக்கிற தெரு என்ற பேச்சுக்கே இடமில்லை.

மேல்மாடி வீடுகளுக்கு அவன் வரைந்த படத்தைக் கடைச் சுவரில் ஒட்டி ஒரு வாரமாயிற்று. யாரும் பெயர் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் விஜேந்திரன் போனான். ஹாஜியார் பிளேன்டீ வரவழைத்தார்.

"புள்ளைகள் ஒங்கட படத்துக்குப் பேரும் வெச்சிட்டாங்க தம்பி. டவுன் லயமாம்."

சேலை மடித்துக்கொண்டிருந்த பெண்கள் குனிந்து சிரிப்பை மறைத்தார்கள்.

அவன் சுவரிலிருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தான். ஒரே வரிசையில் கதவுகள். எல்லாக் கதவுக்கும் முன்னால் ஒரே நீள இஸ்தோப்பு, பொதுத் தாழ்வாரம். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே மெல்லிய பலகைத் தடுப்பு. ஓரத்தில் ஒரே மாடிப்படி. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் அவன் பிறந்த லயத்தை, அந்தத் தொழிலாளர் வரிசை வீட்டை, அப்படியே தூக்கி, தகரத்துக்குப் பதில் கொங்கிரீட் போட்டு, ஹாஜியார் கடைமேல் வைத்தது மாதிரி இருந்தது. பல்கலைக்கழகத்தில் இப்படி ஒரு படம் யாரும் படிப்பிக்கவில்லை. வரைந்தவன் கண்ணில் இதுவரை அது படவுமில்லை.

சேலை மடித்தவர்களில் சிவசக்தி எழுந்து வந்தாள். அவளும் ஸ்பிரிங்வெளிக்காரி. கடை மூடியதும் கடைசி பஸ்ஸுக்கு ஓடுகிறவள். அவள் போய்ச் சேரும்போது மகள் தூங்கியிருப்பாள். மகள் விழிக்குமுன் அவள் கிளம்பிவிடுவாள். டவுனில் வீடு யாருக்காவது வேண்டுமென்றால் அவளுக்குத்தான் வேண்டும். அவளே பெயர் கொடுக்காததுதான் அவனுக்குப் புரியாமல் இருந்தது.

"எனக்கு வீடு வேணும்ணே," என்றாள். "மகள இங்குள்ள ஸ்கூல்ல போடணும். ஆனா இது வேணாம். ராத்திரி நானும் அவுங்கப்பாவும் லயத்துக் காம்பராவுல பேசுறத, காலையில தண்ணி புடிக்கப் போனா பீலியில வச்சு எனக்கே திருப்பிச் சொல்றாங்க. இருமினா, எந்த மருந்து குடிச்சேன்னு மூணு காம்பரா தள்ளி இருக்கவுங்க கேக்குறாங்க. அதையே மாடியில ஏத்தி வச்சிருக்கீங்க. இதுக்கு அங்கனயே இருந்துக்குவேனே."

"சத்தம் கேட்டாத்தான் ஒத்தாசைக்கு ஆள் வரும்," என்றான் அவன்.

அவனும் ஜெயந்தினியும் டவுனில் தனி வீட்டில்தான் இருந்தார்கள். தனி வாசல், கெட்டிச் சுவர்; அவள் ஆசைப்பட்டுத் தேடிப் பிடித்த வீடு. அவள் வலிப்பு வந்து குசினியில் அடுப்பின் முன்னால் விழுந்தபோது அவன் சபையில் ஒரு கூட்டத்தில் இருந்தான். பக்கத்து வீட்டார் வீட்டில்தான் இருந்தார்கள். எதுவுமே கேட்கவில்லை என்று பிறகு சொல்லி அழுதார்கள். லயமாக இருந்தால் தம்ளர் விழுந்த சத்தத்துக்கே நாலு பேர் வந்திருப்பார்கள். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. படத்திடம் சொல்லியிருக்கிறான் போல.

ஜெயந்தினி தனியாகக் கிடந்து இறந்தது சிவசக்திக்கும் தெரியும். தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

"நான் கூப்புட்டா வரட்டும்ணே," என்றாள் மெதுவாக. "ஒட்டுக்கேட்டு வர வேணாம்."

கூப்பிட முடியாமல் போனால் என்று அவன் கேட்கவில்லை. அவள் உயிரோடு நின்று வீடு கேட்கிறாள்.

படத்தைச் சுவரிலிருந்து உரித்துப் புடவை மேசைமேல் விரித்தான். இஸ்தோப்பை அழித்தான். வீட்டுக்கொரு மாடிப்படி போட்டான். பலகை இருந்த இடத்தில் செங்கல். ஆறு வீடு நாலாகச் சுருங்கியது. வீடு குறைந்தாலும் தனக்கு ஒன்றுதான், ஆள் வருகிறதா என்பதுதான் கேள்வி என்றார் ஹாஜியார். பெண்கள் வேலையை விட்டுவிட்டு மேசையைச் சூழ்ந்தார்கள். மாமியார் வந்தால் கண்டுபிடிக்க முடியாதபடி தன் கதவைப் பின்பக்கம் வைக்க முடியுமா என்று ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. கதவைத் திருப்பிப் போட்டுக் கொடுத்தான்.

சிவசக்தி இரண்டு வீடுகளுக்கு நடுவிலிருந்த கோட்டின்மேல் விரலை வைத்தாள்.

"இது எத்தன கனம்?"

"ஒம்பது இஞ்சி."

"அங்கிட்டு கேக்காதே?"

"கேக்காது."

அவள் அவன் கையிலிருந்த பென்சிலை வாங்கி, மூலை வீட்டுக்குள் தன் பெயரை எழுதினாள். மற்ற மூன்றும் சற்று நேரத்தில் நிறைந்தன. ஸ்டோருக்கு வேறு இடம் பார்ப்பதாக ஹாஜியார் சொன்னார்.

பிரதி எடுத்தால் மங்கிவிடக் கூடாது. விஜேந்திரன் பென்சிலைத் திரும்ப வாங்கி, அந்தச் சுவர்களை ஒவ்வொன்றாக அழுத்திக் கறுப்பாக்கத் தொடங்கினான்.