கணக்கு டீச்சர் இடம்

ஹெப்சிபா டீச்சர் ஓய்வு பெற்று ஐந்து வருடம் கழித்து, அவரைத் தேடி ஒரு தலைமை ஆசிரியர் வீட்டுக்கு வந்தார். பெயர் தங்கப்பாண்டியன். டீச்சர் இருக்கும் ஆமத்தூரிலிருந்து சிவகாசி போகும் வழியில் இரண்டு நிறுத்தம் தள்ளி இருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளி அவருடையது. அங்கிருந்த கணக்கு ஆசிரியர் ஜூன் மாதமே மாறுதலில் போய்விட்டார். அந்த இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை.

"பத்தாம் வகுப்புக்கு இப்ப யாரு கணக்கு எடுக்கா?" என்று டீச்சர் கேட்டார்.

"பி.இ.டி. சார் போயி உக்காந்துக்கிடுவாரு."

"உக்காந்து?"

தங்கப்பாண்டியன் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "ரெண்டு மாசமா பிள்ளைக நல்லா வாலிபால் ஆடுதுக டீச்சர்."

பள்ளி மேலாண்மைக் குழு மூலமாகத் தற்காலிகமாக ஒருவரை வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்திருக்கிறது, ஓய்வு பெற்றவர்களையும் வைக்கலாம், நீங்கள் வந்தால் எனக்கு நிம்மதி என்றார்.

டீச்சர் யோசிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டார். உண்மையில் அவர் யோசிக்கவே இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு எடுத்தவர். ஓய்வுக்குப் பிறகு சர்ச்சில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குச் செயலாளராக இருந்து பார்த்தார். கூட்டத்துக்குத் தாமதமாக வந்தவர்களை வாசலிலேயே நிற்க வைத்தார் என்று புகார் போனது. அதோடு அந்தப் பொறுப்பும் போனது.

"வாரேன் சார். ஆனா ஆண்டு விழா, கோலப் போட்டி, அதுக்கெல்லாம் என்னையக் கூப்பிடப்படாது. கணக்கு மட்டும்தான்."

தலைமை ஆசிரியர் கிளம்பியதும் கணவர் ஜெயசுந்தர் மெல்லக் கேட்டார். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே ஹெப்சி."

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பீகளா?"

"சொல்லியிருக்க மாட்டேன். கேட்டிருக்கலாம்னுதான் சொல்லுதேன்."

பாடப் புத்தகம் அவர் ஓய்வு பெற்ற பிறகு மாறியிருந்தது. விருதுநகரில் ஒன்று வாங்கிவந்து, முதல் பயிற்சியிலிருந்து கடைசிப் பயிற்சிவரை ஒரு கணக்கு விடாமல் போட்டுப் பார்த்தார். சிலவற்றை நன்றாகவே மாற்றியிருக்கிறார்கள் என்று மனதுக்குள் ஒத்துக்கொண்டார்.

வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் அப்பாவும் அம்மாவும் பட்டாசு ஆலைக்குப் போகிறவர்கள். தீபாவளி சீசன். விடியும் முன்பே வேன் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். தம்பி தங்கையைக் குளிப்பாட்டி, சோறு பொங்கிவைத்துவிட்டுத்தான் பிள்ளைகள் பள்ளிக்கு வருவார்கள். முதல் மணி நேரத்தில் வகுப்பு பாதி காலியாகத்தான் இருக்கும். டீச்சர் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் தலைமை ஆசிரியரிடம் போய்க் கணக்கை மூன்றாவது பாட வேளைக்கு மாற்றச் சொன்னார். பிறகு பத்தாம் வகுப்புப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பின்னத்திலிருந்து ஆரம்பித்தார். முனகியவர்களைப் பொருட்படுத்தவில்லை. செப்டம்பர் பாதிக்குள் வகுப்பு அவர் கைக்கு வந்துவிட்டது.

ஒரு சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் இளம்பெண் ஒருத்தி அவர் எதிரே வந்து நின்றாள். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது.

"நீங்கதான ஹெப்சிபா டீச்சர்?"

"ஆமா. நீ யாரும்மா?"

"கற்பகவல்லி. எம்.எஸ்சி. மேத்ஸ், பி.எட். தகுதித் தேர்வும் பாஸ் பண்ணியிருக்கேன். நீங்க இப்பப் பாக்குற இடத்துக்கு நானும் எழுதிப் போட்டிருந்தேன்."

டீச்சருக்கு அது புதுச் செய்தி. தங்கப்பாண்டியன் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"அனுபவம் இல்லன்னுட்டாக," என்றாள் கற்பகவல்லி. குரல் உயரவில்லை, ஆனால் நிற்கவும் இல்லை. "இருக்க இடத்தையெல்லாம் ரிட்டயர்டு ஆனவுகளுக்கே குடுத்தா, நாங்க எங்கன போயி அனுபவம் வாங்க?"

"ஏம்மா, நானா போயி இந்த இடத்தைக் கேட்டேன்?"

"நீங்க கேக்கல. அவுக குடுத்தாக, நீங்க வாங்கிக்கிட்டீக. ஒங்களுக்குப் பென்ஷன் வருது டீச்சர். நான் காலண்டர் கம்பெனியில உக்காந்து, ராகுகாலம் சரியா அச்சாயிருக்கான்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

பஸ் வந்தது. அவள் ஏறிப் போய்விட்டாள். டீச்சர் ஏறவேண்டியதும் அதே பஸ்தான். அவர் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஜெயசுந்தரிடம் எல்லாவற்றையும் சொன்னார். "அம்புட்டு வாய் அந்தப் பொண்ணுக்கு."

"சொன்னதுல தப்பு இருக்கா?"

"தப்புன்னு நான் சொன்னேனா?"

பி.எட். முடித்துவிட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வருடக்கணக்கில் காத்திருந்தவர்தான் டீச்சரும். ஆனாலும் அந்த வகுப்பை விட அவருக்கு மனசு வரவில்லை. காலையில் சேலையை மடிப்பு வைத்துக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது உடம்பில் வருகிற தெம்பு அவருக்கு வேண்டியிருந்தது. அதையும் மறைக்காமல் கணவரிடம் சொன்னார். ஜெயசுந்தர் காபி போட எழுந்து போனார்.

மறுநாள் சாயங்காலம் டீச்சரே கற்பகவல்லியைத் தேடிப் பிடித்தார். ராத்திரியெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். "பத்தாவதை நீ எடு. நான் ஒம்பதாவதைச் சம்பளம் வாங்காம எடுக்கேன். ரெண்டு பேருக்கும் ஆச்சு."

கற்பகவல்லி உடனே தலையை ஆட்டினாள். "அது இதைவிட மோசம் டீச்சர். நீங்க சும்மா எடுத்தீகன்னா, நாளைக்கு எந்தப் பள்ளிக்கூடத்துலயும் சம்பளம் குடுத்து ஆள் வைக்க மாட்டாக. ஓசிக்கு வர ஒரு டீச்சர் இருந்தா போதும்பாக."

அந்தப் பெண்ணை அந்த நிமிஷத்தில் டீச்சருக்குப் பிடித்துப்போயிற்று.

"சரி, அப்ப ஒண்ணு செய்யலாம்," என்றார். "குழுக் கூட்டத்துக்கு வா. உள்ளதை நேராவே பேசிருவோம்."

மேலாண்மைக் குழுத் தலைவி அய்யம்மாள். பத்தாம் வகுப்பில் படிக்கும் சினேகாவின் அம்மா. கூட்டத்தன்று ஆலை வேனிலிருந்து இறங்கி நேராகப் பள்ளிக்கு வந்தாள். கை கழுவியும் நகக்கண்ணில் அலுமினியப் பொடி வெள்ளியாய் மின்னியது.

ஹெப்சிபா டீச்சர் எழுந்து விஷயத்தைச் சொன்னார். "இந்த இடத்துக்குத் தகுதியான பொண்ணு ஒண்ணு இருக்கு. அதை விட்டுட்டு என்னையக் கூப்பிட்டது சரியில்ல. யாரும் இல்லாத இடத்துக்கு என்னைய மாதிரி ஆளைக் கூப்பிடுங்க. இங்கன ஆள் இருக்கு."

தங்கப்பாண்டியன் நெளிந்தார். "டீச்சர், பொதுத் தேர்வு இருக்கு. ரிசல்ட் போச்சுன்னா மேல இருந்து என்னையத்தான் கேப்பாக. அதான் பழகுன ஆளாப் பாத்தேன்."

அவர் பயம் பொய்யில்லை என்று டீச்சருக்கும் தெரியும்.

அய்யம்மாளுக்குத்தான் கோபம் வந்தது. "இது என்ன டீச்சர் வெளையாட்டு? எம்மக இப்பத்தான் கணக்கு நோட்டைத் தானா எடுத்து வச்சு உக்காருதா. நடுவுல விட்டுட்டுப் போறேங்கீக. அதெல்லாம் முடியாது."

குழுவில் இருந்த மற்ற அம்மாக்களும் அதையே சொன்னார்கள். கற்பகவல்லி ஓரத்து நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அய்யம்மா, ஒண்ணு கேக்கேன்," என்றார் டீச்சர். "சினேகாவைப் பத்தாவதோட நிப்பாட்டப் போறீகளா?"

"ஏன் நிப்பாட்ட? நான் வெடிக்குப் போறது எதுக்கு? எம்புட்டு வேணும்னாலும் படிக்கட்டும்."

"படிச்சு பி.எட். முடிச்சிட்டு இதே பள்ளிக்கூடத்துக்கு வந்து வேலை கேக்குதுன்னு வச்சுக்கோங்க. அனுபவம் இல்ல, போ, நாங்க ரிட்டயர்டு டீச்சரை வச்சுக்கிட்டோம்னு சொன்னா நீங்க என்ன செய்வீக?"

அய்யம்மாள் கற்பகவல்லியைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கூட்டத்துக்கு வந்ததிலிருந்து அந்தப் பெண்ணை இப்போதுதான் சரியாகப் பார்த்தாள்.

"நீ எந்த ஊரும்மா? ஒங்கம்மா என்ன வேலை பாக்காக?"

"மீனம்பட்டிப் பக்கம். தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்குதாக."

அய்யம்மாள் தலைமை ஆசிரியர் பக்கம் திரும்பினாள். "வெள்ளிக்கிழமை ஒரு வகுப்பு எடுக்கட்டும் சார். நானும் பின்னால உக்காந்து பாக்கேன். ஒரு நாள் லீவு போட்டா குடி முழுகாது."

வெள்ளிக்கிழமை மூன்றாவது பாட வேளைக்கு ஹெப்சிபா டீச்சர் வகுப்புக்குப் போகவில்லை. தான் பின்னால் உட்கார்ந்திருந்தால் பிள்ளைகள் தன் முகத்தையே பார்க்கும் என்று ஆசிரியர் அறையில் இருந்துகொண்டார். திறந்த ஜன்னல் வழியாகப் பத்தாம் வகுப்பின் சத்தம் வந்தது. முதலில் அமைதி. பிறகு சலசலப்பு. பிறகு மொத்த வகுப்பும் சிரித்தது.

தன் வகுப்பில் அப்படி ஒரு சிரிப்பு எழுந்ததில்லை என்பது அவருக்கு உறைத்தது. கொஞ்சம் வலித்தது. எழுந்து போய் எட்டிப் பார்க்கலாமா என்று நினைத்து, செருப்பைக்கூட மாட்டிவிட்டார். பிறகு கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். தைரியமாக ஒன்றைச் சொல்லிவிட்டு ஜன்னல் வழியே உளவு பார்ப்பது தனக்கு அழகில்லை என்று தோன்றியது.

வகுப்பில் நடந்ததை அய்யம்மாள்தான் வந்து சொன்னாள்.

கற்பகவல்லி அடுத்த வருடத்துக் காலண்டரின் ஜனவரித் தாளைக் கொண்டுவந்து கரும்பலகையில் ஒட்டியிருந்தாள். ஆடிப்பெருக்குக்கே, ஆர்டர் பிடிப்பதற்காகக் கம்பெனியில் போட்ட மாதிரித் தாள். ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் வாசிக்கச் சொன்னாள். ஐந்து, பன்னிரண்டு, பத்தொன்பது, இருபத்தாறு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஏழு. வேறு கிழமையைப் பார்த்தாலும் ஏழு. கூட்டுத் தொடர் என்றால் இதுதான், நீங்கள் பிறந்ததிலிருந்து சுவரில் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என்றாள். பையன்கள் விடுமுறை நாட்களைத் தேட ஆரம்பித்து, பொங்கல் எந்தக் கிழமை என்று கத்தியதற்குத்தான் அந்தச் சிரிப்பு. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளின் கூட்டுத்தொகையைச் சூத்திரம் போட்டு எழுதினாள். எழுபத்தாறு வந்தது.

"அப்ப சினேகா எந்திரிச்சா டீச்சர்," என்றாள் அய்யம்மாள். "அறுபத்திரண்டுதான் மிஸ் வருது, நான் கூட்டிப் பாத்துட்டேன்னா. அந்தப் பொண்ணு பலகையைப் பாத்துச்சு, ஆமா, சூத்திரத்துல ஒண்ணைக் கழிக்க விட்டுட்டேன்னு சொல்லி அழிச்சிட்டுத் திருப்பி எழுதுச்சு."

பக்கத்தில் நின்ற தங்கப்பாண்டியன் முகம் சுளித்தார். "அதைத்தான் சொல்ல வந்தேன். முதல் நாளே தப்பாப் போட்டா எப்படி? சத்தமும் ரொம்ப."

"தப்பாப் போட்டுச்சு சார். தப்புன்னு சொன்னதும் மாத்திக்கிடுச்சு. எம்மக வீட்டுலயே வாயத் தொறக்க மாட்டா. வகுப்புல எந்திரிச்சு நின்னு பேசுனதை இன்னைக்குத்தான் பாக்கேன்." அய்யம்மாள் டீச்சர் பக்கம் திரும்பினாள். "நீங்க அடித்தளம் போட்டுட்டீக. இனிமே அந்தப் பொண்ணு பாத்துக்கிடும். எனக்குச் சம்மதம்."

தலைமை ஆசிரியர் ஹெப்சிபா டீச்சரைப் பார்த்தார்.

"ஒண்ணைக் கழிக்க நானும் எத்தனையோ தடவ விட்டிருக்கேன் சார்," என்றார் டீச்சர். "என் வகுப்புல யாரும் எந்திரிச்சுச் சொன்னதில்ல. அம்புட்டுதான் வித்தியாசம்."

தீபாவளி முடிந்த மறுவாரம் கற்பகவல்லி பள்ளியில் சேர்ந்தாள். காலண்டர் ஆர்டர் குவிந்து கிடக்கிற நேரத்தில் போகிறாயே என்று கம்பெனி முதலாளி கத்தினார். அவள் தன் மேஜையைத் துடைத்து வைத்துவிட்டு வந்துவிட்டாள். டீச்சர் அவளுக்குச் சொன்ன ஒரே விஷயம், முதல் பாட வேளையில் கணக்கு வைக்காதே என்பது. வேறு எதுவும் அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வீட்டில் இருந்த முதல் திங்கட்கிழமை டீச்சருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அலமாரியைத் துடைத்தார். துடைத்த அலமாரியையே மறுபடியும் துடைத்தார். ஜெயசுந்தர் செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

டிசம்பரில் இன்னொரு தலைமை ஆசிரியரிடமிருந்து போன் வந்தது. இருக்கன்குடியையும் தாண்டி உள்ளே ஒரு பள்ளி. கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆள் இல்லை.

"யாராச்சும் எழுதிப் போட்டிருக்காகளா?" என்பதுதான் டீச்சரின் முதல் கேள்வி.

"ரெண்டு தடவ கூப்பிட்டுப் பாத்துட்டோம். ஒருத்தரும் வரல. காலைல ஒரு பஸ்தான், சாயங்காலம் ஒரு பஸ்தான்."

"கணக்கு நான் எடுக்கேன். அறிவியல் எனக்கு வராது. அதுக்கு வேற ஆள் தேடுங்க. மாசா மாசம் திரும்பவும் அறிவிப்புப் போடணும். தகுதியுள்ள பிள்ளை ஒண்ணு வந்தாலும் எங்கிட்டச் சொல்லணும். நான் அன்னைக்கே இடத்தை விட்டு எந்திரிச்சிருவேன்."

அந்த முறை ஜெயசுந்தரிடமும் கேட்டார். அவர் சாத்தூரில் பஸ் மாறும் நேரத்தையெல்லாம் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தார்.

அறிவிப்பு மாதா மாதம் போனது. யாரும் வரவில்லை. தை மாத வெள்ளிக்கிழமைகளில் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் நெரிந்துகொண்டு டீச்சர் பள்ளிக்குப் போனார். தேர்வுவரை எடுத்தார்.

மே மாதம் முடிவு வந்த அன்று கற்பகவல்லியிடமிருந்து போன் வந்தது.

"டீச்சர், மூணு பேரு கணக்குல போயிட்டாக."

"சினேகா?"

"எண்பத்தொம்பது."

"நல்லது. அந்த மூணு பேரையும் நாளைக்கே வரச் சொல்லு. துணைத் தேர்வு வருதுல்ல, அழுதுக்கிட்டு இருக்கப்படாது."

"வரச் சொல்லிட்டேன் டீச்சர்." கொஞ்சம் தயங்கிவிட்டு அவள் கேட்டாள். "ஒங்க பள்ளிக்கூடத்துல எப்படி?"

டீச்சர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"அஞ்சு பேரு," என்றார்.

மறுமுனையில் அவள் சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது.

"சிரிக்கணும்னா சிரிச்சிரு," என்றார் ஹெப்சிபா டீச்சர். "அடுத்த வருஷமும் அந்த ஊருக்கு ஆள் வரலைன்னா நான்தான் போவேன். அப்பப் பாப்போம்."