மேல் காற்றும் கீழ்க் காற்றும்

சனிக்கிழமை என்றால் டீச்சர் வீட்டு முன்னறையில் சோபா சுவரோரம் ஒதுங்கிவிடும். தெருப் பிள்ளைகள் தரையெல்லாம் நிறைந்துவிடுவார்கள். அன்றைக்கு அந்த அறை முழுக்க விமானம்தான். காகிதம், ஸ்ட்ரா, நூல், தலைமுடி உலர்த்தும் மெஷின், இவ்வளவு போதும் டீச்சருக்கு. இரண்டு விரல் அகலத்துக்குக் காகிதம் கிழித்து, கீழுதட்டுக்கு அடியில் வைத்து, மேல்பக்கமாக ஊதச் சொல்வார். தொங்கிக்கொண்டிருந்த காகிதம் சட்டென்று எழுந்து படபடக்கும். பிள்ளைகள் கன்னம் வலிக்க ஊதித் தள்ளுவார்கள்.

பிறகு கதை வரும். இறக்கையின் மூக்கில் காற்று இரண்டாகப் பிரிகிறது. மேலே போகிறவள் அக்கா, கீழே போகிறவள் தங்கை. வாலில் சந்திப்போம் என்று இருவருக்கும் பேச்சு. இறக்கையின் முதுகு வளைந்திருப்பதால் அக்காவுக்கு வழி நீளம். தங்கையைக் காக்க வைக்கக் கூடாதே என்று அவள் ஓட்டமாக ஓடுவாள். வேகமாக ஓடினால் அழுத்தம் குறையும், கீழே இருக்கும் காற்று இறக்கையைத் தூக்கிவிடும். வருஷக் கணக்காக டீச்சர் இந்தக் கதையைத்தான் சொல்லி வருகிறார். சொல்லும்போது குரலே குழைந்துவிடும்.

இத்தனை சொல்கிற டீச்சர் விமானத்தில் ஏறினதே இல்லை. பயம்! இது வீட்டுக்காரருக்கும் தங்கைக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. தங்கையை டீச்சர்தான் தூக்கி வளர்த்தார், அவள் இப்போது கடல் தாண்டி இருக்கிறாள். முதல் பிரசவத்துக்கு வருகிறேன் என்று கிளம்பிய டீச்சர், விமான நிலையத்துக் கண்ணாடிக் கதவு வரை போய், காய்ச்சல் என்று சப்பைக்கட்டு கட்டித் திரும்பிவிட்டார். "பரவால்லக்கா" என்றாள் தங்கை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அன்றைக்குப் பிறந்தவள் இப்போது வாய் ஓயாமல் பேசுகிறாள், டீச்சருக்கு 'போன் பெரியம்மா' என்று பேரும் வைத்துவிட்டாள். தங்கைக்கு இது இரண்டாவது பிரசவம். வருகிற வெள்ளிக்கிழமை விமானம். இந்தத் தடவையும் போகாவிட்டால் இனி அவளை எந்த முகத்தோடு அக்கா என்று கூப்பிடச் சொல்வது?

அதனால்தான் டீச்சர் தினமும் கண்ணை மூடி அந்தக் கதையைத் தனக்கே சொல்லிக்கொண்டிருந்தார். சேர்ந்துவிடுவார்கள், அக்காவும் தங்கையும் சேர்ந்துவிடுவார்கள், விமானம் விழாது.

அந்தச் சனிக்கிழமை வக்கீல் கையைத் தூக்கினாள். மூன்றாம் வகுப்புதான், ஆனால் குறுக்கு விசாரணை செய்கிற சாமர்த்தியத்துக்கு அந்தப் பெயர் அவளுக்கு எப்போதோ விழுந்துவிட்டது.

"மிஸ், ஒரு டவுட்டு. மேல போற காத்தும் கீழ போற காத்தும் எதுக்கு மிஸ் மறுபடி சேரணும்? அதுங்களுக்குள்ள யாரு பேசி வச்சாங்க?"

"அது... அப்படித்தான்டா சேரும்."

வக்கீல் தன் காகித விமானத்தை எடுத்து விட்டாள். அது அறையைத் தாண்டி டீச்சர் மடியில் வந்து இறங்கியது. "இதுக்கு இறக்கை தட்டை. முதுகும் வளையல, வயிறும் வளையல. ரெண்டு பேருக்கும் ஒரே தூரம். அப்புறம் இது மட்டும் எப்படிப் பறக்குது?"

டீச்சர் அடுத்த வாரம் சொல்கிறேன் என்று பூசி மெழுகிப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, பெரிய வகுப்புக்கு இயற்பியல் எடுக்கும் சாருக்குப் போன் போட்டார்.

"அடடா, அது ரொம்ப நாளா சுத்திக்கிட்டிருக்கிற தப்புக் கதை டீச்சர்," என்று சிரித்தார் அவர். "மேல போற காத்து முன்னாடியே போய்ச் சேர்ந்துடும். கீழ போறதுக்காக அது காத்திருக்காது." அதற்கப்புறம் அவர் விவரமாகச் சொன்ன எதுவும் டீச்சர் காதில் ஏறவில்லை.

சாயங்காலம் பள்ளி வேனைக் கழுவிக்கொண்டிருந்த வீட்டுக்காரரிடம் போய் நின்றார். "நான் போகல."

"ஏன் டீச்சரம்மா, மறுபடி காய்ச்சலா?"

"கிண்டல் பண்ணாதீங்க. இத்தனை வருஷமா நான் சொன்னது பொய்யாம். எது தூக்குதுன்னே எனக்குத் தெரியல. தெரியாத ஒண்ணை நம்பி எப்படி ஏறுவேன்?" சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு பக்கத்தில் உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை காலை, வேனில் டீச்சர் வழக்கம்போல முன்சீட்டில். பின்னாலிருந்து வக்கீல் எட்டிப் பார்த்தாள்.

"மிஸ், நான் ஒண்ணு கண்டுபிடிச்சேன். ஆனா திட்டக் கூடாது."

"என்ன?"

"நேத்து அப்பா கார்ல போகும்போது ஜன்னல்ல கைய நீட்டினேன்."

ஜன்னலுக்கு வெளியே கை நீட்டாதே என்று தினமும் தொண்டை கிழியக் கத்துகிறவர் டீச்சர்தான். முறைத்தார்.

"திட்டக் கூடாதுன்னு சொன்னேன்ல! கைய நேரா வச்சா சும்மா இருக்கு மிஸ். முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கினா, தானா மேல போகுது. நீங்களும் நீட்டிப் பாருங்க மிஸ்."

வேன் ஓட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் கடைத்தெருவைத் தாண்டி, பள்ளிக்குப் பின்னால் ஆளரவமில்லாத நேர்ச்சாலைக்கு வண்டியைத் திருப்பினார். முன்னும் பின்னும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு, "ம், நீட்டு" என்றார்.

பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்க, டீச்சர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். விரல்களைச் சேர்த்து, முன்பக்கத்தை ஒரு துளி தூக்கினார். உள்ளங்கைக்கு அடியில் யாரோ கை கொடுத்தது மாதிரி இருந்தது. கை தானாக எழும்பியது. இறக்கினார், மறுபடி தூக்கினார். டீச்சர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"பாத்தீங்களா! நீங்க காத்தைக் கீழ தள்றீங்க, அது உங்களை மேல தள்ளுது. அவ்ளோதான். தட்டையா இருந்தாலும் சாஞ்சா போதும்," என்றாள் வக்கீல்.

சனிக்கிழமை சார் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. சீட்டில் திரும்பி உட்கார்ந்து, "நான் சொன்ன கதை தப்பு, பிள்ளைங்களா. இறக்கை முதுகு வளைஞ்சிருக்கிறதும் காத்தைக் கீழ திருப்பிவிடத்தான். வக்கீல் சொன்னதுதான் சரி," என்றார்.

கைதட்டல் அடங்கும் முன் கடைசி சீட்டிலிருந்து பொடிசு ஓவென்று அழ ஆரம்பித்தது. இருப்பதிலேயே சின்னப் பிள்ளை அது.

"அப்போ அந்த அக்காவும் தங்கச்சியும் சேரவே மாட்டாங்களா மிஸ்?"

டீச்சர் கடைசி சீட்டைப் பார்த்தார். "தானா சேர மாட்டாங்க கண்ணு. யாராவது ஒருத்தர் கிளம்பிப் போனாத்தான் உண்டு."

வீட்டுக்காரர் சாலையையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது.

வெள்ளிக்கிழமை கண்ணாடிக் கதவுக்கு முன்னால் டீச்சரின் கால் ஒரு தடவை பின்வாங்கியது என்னவோ உண்மை. பயமெல்லாம் எங்கேயும் போய்விடவில்லை. விமானம் ஓடத் தொடங்கியதும் பக்கத்து சீட்டுக்காரரைப் பொருட்படுத்தாமல், மடியில் உள்ளங்கையை விரித்து, முன்பக்கத்தை ஒரு துளி தூக்கி வைத்துக்கொண்டார். விமானத்தின் மூக்கு எழும்பியபோது, "தள்ளு, கீழ தள்ளு" என்று வாய்க்குள் முணுமுணுத்தார். இறங்கும்வரை அந்தக் கையை மடக்கவே இல்லை.

வெளியே வரும் வழியில் தங்கை நின்றிருந்தாள், ஒரு கை இடுப்பில், நிறைமாத வயிறு. அக்காவைப் பார்த்ததும் உதடு கோணியது. "வந்துட்டியாக்கா" என்றாள். டீச்சர் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்.

தங்கையின் பின்னால் ஒளிந்திருந்த மகள் மெல்ல எட்டிப் பார்த்தாள். தலையிலிருந்து ஆரம்பித்து, புடவை வழியே இறங்கி, செருப்பில் வந்து நின்றது அவள் பார்வை. போனில் அவள் பெரியம்மாவைக் கழுத்துக்குக் கீழே பார்த்ததே இல்லை.

"அம்மா!" என்று அந்த இடமே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். "போன் பெரியம்மாவுக்குக் காலெல்லாம் இருக்கு!"