வாயைக் காட்டுங்க

“செல்போன்ல லைட் அடிங்க சார். இன்னும் கொஞ்சம் கிட்ட.”

நர்ஸ் விரலில் ஈரத்துணியைச் சுற்றி அக்காவின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அக்காவின் மூச்சு நின்று அதிக நேரமாகவில்லை. வீட்டார் கையில் ஒப்படைக்கும் முன் முகம் கழுவி, தலை வாரி, வாயைச் சுத்தம் செய்து தருவது அந்த நர்ஸின் வழக்கம். தம்பி வெளிச்சம் பிடித்தான்.

விரல் சட்டென்று நின்றது.

“என்ன சார் இது, உள்ள பூரா புண்ணா இருக்கு?”

நாக்கோரம், ஈறு, கன்னத்தின் உட்புறம் எல்லாம் வெந்து உரிந்து கிடந்தன.

தம்பிக்குத் தெரியும். புற்றுநோய்க்கான மற்ற மருந்தெல்லாம் கைவிட்ட பிறகு மிச்சமிருந்தது இந்த ஆராய்ச்சி மருந்து ஒன்றுதான். ஊசி போட ஆரம்பித்த புதிதில் அக்கா, “வாய் எரியுதுடா” என்றாள்.

“மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். சிஸ்டர்கிட்ட உளறி வைக்காத. உடம்பு தாங்கலன்னு ஆராய்ச்சிலேர்ந்து எடுத்துடுவாங்க. அப்புறம் நமக்கு வேற என்ன இருக்கு?”

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அவனுக்குச் செருப்புக் கடையில் வேலை. கடிக்குது என்று முகம் சுளிப்பவர்களிடம் “நடக்க நடக்கச் சரியாயிடும்” என்று சொல்லியே வயிறு வளர்த்தவன். ஆஸ்பத்திரியிலும் வியாபாரத்தை அவன்தான் கவனித்தான். நர்ஸ் அக்காவிடம் கேட்பாள், பதில் இவனிடமிருந்து வரும். நல்லா சாப்பிடறாங்களா? ஜோரா. தூக்கம்? குறட்டை தாங்காம பக்கத்து வீட்டுக்காரர் வேற வீடு பாக்கறார். “வாயைக் காட்டுங்கம்மா” என்றால், “வேணாம் சிஸ்டர், எங்கக்கா வாயத் தொறந்தா அப்புறம் மூட வைக்க ஆளில்ல!”

நர்ஸ் சிரிப்பாள். அக்காவும் சிரிப்பாள், உதட்டைப் பிரிக்காமல். ஆஸ்பத்திரியே தன் பேச்சுக்கு மயங்கிக் கிடப்பதாக அவன் நினைத்துக்கொண்டான்.

“ஆராய்ச்சிலேர்ந்து வெளிய அனுப்பிடுவீங்களோன்னுதான் சொல்லல சிஸ்டர்…” என்றான் இப்போது.

“இதுக்கா? இந்த மருந்துல பாதிப் பேருக்கு இது வரும் சார். மரத்துப்போறதுக்கு மருந்து இருக்கு, சாப்பிடறதுக்கு முன்னாடி கொப்பளிச்சா போதும். மிஞ்சிப்போனா ஒரு ஊசியத் தள்ளிப் போடுவோம். இதுக்காக யாரையும் அனுப்பினதில்ல.”

“சொல்லியிருந்தா பொழச்சிருப்பாளா?”

“அது தெரியாது. ஒரு வாய் நிம்மதியா சாப்பிட்டிருப்பாங்க.”

அவள் வேறு துணியை நனைத்துப் பிழிந்தாள். “நானும்தான் சிரிச்சிட்டுப் போயிட்டேன்” என்றாள், அவனைப் பார்க்காமல். பிறகு அக்காவின் உதட்டில் வாசலின் தடவினாள், எங்கே வலித்துவிடுமோ என்பதுபோல.

அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தியபோது உறவுக்காரர்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். அழுது தொண்டை கட்டிப்போன சித்தி, “கொஞ்சம் ஜில்லுன்னு தண்ணி குடுப்பா” என்றாள்.

அவன் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தான். மேலே ஃப்ரீசரில் ஒன்றன்மேல் ஒன்றாக ஐஸ் தட்டுகள். கொஞ்ச நாளாகவே அக்கா கன்னம் உப்ப ஒரு ஐஸ் கட்டியை அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள். “பனிக்கரடி எதாவது வளர்க்கிறியா?” என்று கேட்டிருக்கிறான். “வெயிலுக்கு இதமா இருக்குடா” என்பாள். இந்த முறை காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதுகூட, ஆட்டோவை நிற்கவைத்துவிட்டு உள்ளே போய் ஏதோ செய்துவிட்டு வந்தாள். தட்டுகள் விளிம்புவரை நிரம்பியிருந்தன.

சித்திக்குத் தண்ணீர் கொடுத்தான். திரும்பி வந்து ஒரு கட்டியைப் பெயர்த்து வாயில் போட்டுக்கொண்டான்.

“கடைசில ரொம்பக் கஷ்டப்பட்டாளாப்பா?” சித்தி கூடத்திலிருந்து கேட்டாள்.

எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள். அவன் தன் கன்னத்தைச் சுட்டிக்காட்டினான், வாயில் ஐஸ் இருக்கிறது என்று. அவர்கள் காத்திருந்தார்கள்.

அது கரைந்ததும் இன்னொன்றை எடுத்துப் போட்டுக்கொண்டான்.