நேசையனின் பேச்சு வடிகட்டியில் தங்கிய விதம்

2025 மே 14, புதன். அன்று ஒரு சின்னத் தவறு நடந்தது. கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜின் நீச்சல்குளத்து மணல் வடிகட்டியைக் கழுவப்போன ஜெபிஷ், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே வால்வின் கைப்பிடியைத் திருப்பிவிட்டான். சாயங்காலம் அந்தக் குளத்தில் முங்கி எழுந்த லாட்ஜ் முதலாளி நேசையன், கரையேறியதும் வானொலியில் செய்தி வாசிப்பவரைப் போலப் பேசத் தொடங்கினார்.

வேலைக் குறிப்பில் 'நான்' என்ற சொல் வரக்கூடாது என்பது இரணியலில் நீச்சல்குளப் பராமரிப்பு மாலை வகுப்பு நடத்தும் கபிரியேல் சாரின் கட்டளை. ஆகவே இதில் ஜெபிஷ் என்று வருபவன் இதை எழுதுகிறவன்தான், தவறுகளும் அவனுடையவைதான். மோட்டார் ஓடும்போது கைப்பிடியைத் திருப்பினால் வால்வுக்குள் இருக்கும் ரப்பர் கிழிந்துவிடும், தண்ணீர் போகக்கூடாத வழியில் போகும். இந்தக் கேள்விக்கு வகுப்புத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியது அவன் ஒருவன்தான். மோட்டாரை நிறுத்தினோமா இல்லையா என்று தீவிரமாக யோசித்துக்கொண்டிருந்ததில் கை தானாகத் திருப்பிவிட்டது.

குளித்து ஏறும்போது நேசையன் வழக்கமாகச் சொல்வது, "எலே, அந்தத் தோர்த்த எடுத்துட்டு வாலே, வெள்ளம் நல்ல சொகமாட்டு இருக்கு" என்பது. அன்று அவர், "தம்பி, அந்தத் துவாலையை எடுத்து வருகிறாயா? தண்ணீர் மிகவும் இதமாக இருக்கிறது" என்றார். ஜெபிஷ் முதலில் சந்தேகித்தது தன் காதுகளை. தலையைச் சாய்த்து, ஒற்றைக் காலில் குதித்துப் பார்த்தான். அவன் அன்று குளத்தில் இறங்கவே இல்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. நேசையனுக்குத் தன் பேச்சில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. துவட்டிக்கொண்டு லாட்ஜுக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்குப் போனார். ஐந்து நிமிடத்தில் ஈரத் துண்டோடு திரும்பி வந்து, மூன்றாம் எண் அறையின் சாவியைக் கேட்டார்.

வீட்டுக் கதவைச் சாத்தியவள் அவர் மனைவி ராகேல். விசாரிக்கப்போன ஜெபிஷிடம் ஜன்னல் வழியாகவே பேசினாள். "இவரு இப்பிடிப் பறைஞ்சது எனக்க வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கி மட்டுந்தான். அன்னைக்கிச் சொன்னது அம்புட்டும் பொய்யி. இப்ப என்னத்த மறைக்காருன்னு கேட்டுச் சொல்லு." நேசையன் எதையும் மறைக்கவில்லை. ஆனால் தான் எதையும் மறைக்கவில்லை என்பதையும் அவர் செய்தித் தமிழிலேயே சொன்னதால், அது பெரிய ஊழலுக்கான மறுப்பறிக்கை போல ஒலித்தது. மறுநாள் காலை அவர் ஜெபிஷை அழைத்து, "என் மனைவி என்னை இல்லத்துக்குள் அனுமதிக்க மறுக்கிறார். ஆவன செய்யவும்" என்றார். வார்த்தைக்கு வார்த்தை 'சவமே' என்று திட்டும் முதலாளி அன்று ஒருமுறைகூடத் திட்டவில்லை.

அந்த வாரம் குளத்தில் இறங்கிய எல்லோருக்கும் அதுவே நடந்தது. தூத்துக்குடியிலிருந்து ஒரு பேருந்து நிறைய வந்தவர்கள், மதுரையிலிருந்து தேனிலவுக்கு வந்த தம்பதி, கோயம்புத்தூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு குடும்பம் என்று இறங்கும்போது ஒவ்வொரு விதமாகப் பேசியவர்கள், ஏறும்போது ஒரே விதமாகப் பேசினார்கள். முக்கடலின் காற்று அப்படி என்று அவர்களே காரணம் கண்டுபிடித்துக்கொண்டார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் சிலர், எத்தனை முறை முங்கினால் தேர்வுவரைக்கும் நிற்கும் என்று வரவேற்பு மேசையில் விசாரித்தார்கள். வியாபாரம் நன்றாகவே நடந்தது. நேசையன் மட்டும் மூன்றாம் எண் அறையின் பால்கனியில் நின்று தன் வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெபிஷ் முறைப்படி சோதித்தான். மருந்தின் அளவு சரி. மோட்டார் சரி. வடிகட்டியின் அழுத்தமானி மட்டும் சிவப்பைத் தொட்டு நின்றது. வாயாடிகள் குளித்தால் ஏறியது, ஒரு மௌன விரதக்காரர் குளித்தபோது அசையவில்லை. கபிரியேல் சாருக்குப் போன் செய்து, சொல்லக் கூசிக் கூசி எல்லாவற்றையும் சொன்னான். அவர் சொன்னார்: "மஸ்கட்டுல எத்தனையோ குளம் பாத்தாச்சு மக்கா. அழுக்கு பிடிக்கும், முடி பிடிக்கும், ஒருக்கா ஒரு ஷேக்குக்க பல்லு செட்டு பிடிச்சிருந்து. பேச்சு பிடிச்சு நான் பாத்ததில்ல. ஆனா ரப்பரு கிழிஞ்சா என்னவும் நடக்கும், கேட்டியா."

இந்த முறை மோட்டாரை நிறுத்தி, நிறுத்தியதை இரண்டு பேரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டு, ஜெபிஷ் தொட்டியின் மூடியைத் திறந்தான். மணல் களிபோல இறுகியிருந்தது. காதை அருகில் கொண்டுபோனால் வடசேரி பேருந்து நிலையத்தின் சாயங்கால இரைச்சல் கேட்டது. ஏலே, ஏட்டி, ஏனுங்க, என்னடா என்று எல்லாம் மணலுக்குள் நெருக்கியடித்துக் கிடந்தன. கிழிந்த ரப்பரை மாற்றினான். இனி மணலைக் கழுவ வேண்டியதுதான். ஆனால் கழுவும் நீர் வழக்கம்போல ஓடை வழியாகக் கடலுக்குப் போனால், நேசையனின் பேச்சு இலங்கைப் பக்கம் போய்விடும். அதனால் கழிவுக் குழாயைக் குளத்துக்கே திருப்பி, நேசையனைக் கழுத்தளவுத் தண்ணீரில் அதன் வாய்க்கு நேராக உட்கார வைத்தான். முதலில் குளித்தவர் அவர், ஆகவே அவர் பேச்சு அடியில் இருக்கும். கழுவும்போது தண்ணீர் அடியிலிருந்துதான் ஏறும், ஆகவே அதுவே முதலில் வெளியே வரும். இதை வரைந்து, திருத்தி, மறுபடி வரைந்து பார்த்த பிறகே மோட்டாரைப் போட்டான்.

கனமானது தங்கும், இலேசானது முதலில் எழும் என்கிற, வகுப்பில் முதல் நாளே சொன்ன விஷயத்தை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. நேசையனின் பேச்சு கனமானது. நுரைபோல முதலில் எழுந்து வந்தது ஜவுளிக்கடைக்காரரின் பேச்சு. நேசையன் ஒரு வாய் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பி, "போதுமுங்க தம்பி, குளிருதுங்க" என்றார். ஜெபிஷ் மோட்டாரை நிறுத்த ஓடினான்.

நிறுத்துவதற்குள் அவர் வீட்டுப் பக்கம் நடந்துவிட்டார். கதவைத் தட்டி, "ஏனுங்க அம்மிணி, நானுங்க. சாப்ட்டீங்களா?" என்றார். உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் இந்தக் கேள்வி இந்த வீட்டில் ஒரு திசையில்தான் போயிருக்கிறது. "இல்லீங்களா? அப்ப வாங்க, சேர்ந்தே சாப்பிடலாமுங்க" என்றார் நேசையன். தாழ்ப்பாள் விலகியது.

பின்னாலேயே ஓடிவந்த ஜெபிஷ், தவறு நடந்துவிட்டது, முதலாளியின் சொந்தப் பேச்சு இன்னும் அடி மணலில்தான் இருக்கிறது, இன்னொரு முறை கழுவினால் வந்துவிடும் என்று மூச்சு வாங்கச் சொன்னான். ராகேல் கதவைப் பிடித்துக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள். "அது அங்கனயே கெடக்கட்டு. நீ ஒண்ணும் நன்னாக்காண்டாம், கேட்டியா."

கோயம்புத்தூர்க்காரருக்குப் போன் செய்து ஜெபிஷ் மன்னிப்புக் கேட்டான். கடையில் தம் பேச்சுக்குப் புது மரியாதை கிடைத்திருப்பதாகவும், தற்போதைய நிலையே தொடரலாம் என்றும் அவர் தெரிவித்தார். ரப்பர் மாற்றியபின் குளத்தில் குளிப்பவர்கள் அவரவர் பேச்சோடுதான் கரையேறுகிறார்கள். ஊர்ச் சந்தையில் நேசையன் மீனுக்கு "ஏனுங்க" போட்டு விலை கேட்பதும், மீன்காரர்கள் அதற்குக் கொஞ்சம் கூட்டிச் சொல்வதும் பழகிப்போயிற்று. வடிகட்டியின் மணலை மட்டும் யாரும் கழுவவில்லை. சனிக்கிழமைகளில் மதியச் சாப்பாடு முடிந்ததும் ராகேல் தனியாக மோட்டார் அறைக்கு வருகிறாள். தொட்டியின் தலையிலுள்ள காற்றுத் திருகை அரைச் சுற்றுத் திறக்கிறாள். "எட்டி சவமே, சோறு போட்டியா?" என்று உள்ளிருந்து ஒரு சத்தம் வருகிறது. "போட முடியாது, போவும்" என்று சொல்லிவிட்டு, இறுக மூடி, சிரிப்பை முந்தானையில் துடைத்துக்கொண்டு போகிறாள்.

2026 மே 15, வெள்ளி. இறுக்கி இறுக்கி அந்தத் திருகின் மரை தேய்ந்திருக்கிறது. நாளை காலை நாகர்கோவிலில் புதிய திருகு வாங்கி, ராகேல் வருவதற்குள் மாற்றிவிட வேண்டும்.